ஓட்டிப் பார்க்க வந்தவன்

"எங்க அப்பா இங்கேயே உக்காந்திருக்கட்டும்ணா. வண்டியோட ஓடிட்டேன்னு நீங்க பயப்படக்கூடாது பாருங்க" என்று சிரித்தான் பைக் வாங்க வந்தவன். பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, தன் தோளில் மாட்டியிருந்த பையையும் கழற்றி அவர் மடியில் வைத்தான்.

பைக்கை விற்கிறவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தெருவில் அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே எப்போதாவதுதான் நினைவுக்கு வரும்.

பழைய இரும்புக் கடையில் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த ஸ்போர்ட்ஸ் பைக் அது. எடைக்கு வாங்கிவந்து, சமையல் மேடையில் கார்புரேட்டரைக் கழுவி, குளிக்கிற வாளியில் செயினை ஊறவைத்து, அவர் வீட்டில் வாங்காத திட்டு இல்லை. அது முதன்முதலாக உறுமிய நாளில் மட்டும் மனைவியும் வாசலுக்கு ஓடிவந்து கைதட்டினாள்.

ஆனால் கிட்டத்தட்டக் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டவேண்டிய வண்டி. ஆசை தீர ஓட்டியதில் முதுகெலும்பு முரண்டு பிடித்துவிட்டது. டாக்டர் பக்குவமாகச் சொன்னதை மனைவி தன் பாணியில் சொன்னாள். "இனிமே அது மேல படுத்தீங்கன்னா, அப்புறம் கட்டில்லயேதான் படுத்துக் கிடக்கணும்."

விற்க ஒப்புக்கொண்டார். ஆனால் வண்டியை நன்றாக வைத்துக்கொள்கிறவனுக்குத்தான் கொடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி வந்தவர்களையெல்லாம் குறை சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒருத்தன் ஆக்சிலேட்டரை முறுக்கிய விதம் பிடிக்கவில்லை, இன்னொருத்தன் பெயின்ட் அடித்த டேங்க் மேல் ஹெல்மெட்டை வைத்துத் தொலைத்தான்.

இவன் வேறு மாதிரி இருந்தான். அப்பாவின் கையைப் பிடித்து ஆட்டோவிலிருந்து பதமாக இறக்கினான். இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாத்ரூம் கீழேயே இருக்காண்ணா? அப்பாவால மாடி ஏற முடியாது" என்றுதான் கேட்டான்.

"பெத்தவரையே இப்படித் தாங்குறவன் வண்டியை எப்படித் தாங்குவான் பாரு" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்துவிட்டு, வண்டிச் சாவியை நீட்டினார் ஸ்பேனர். "தெருமுனையோட திரும்பிடாதீங்க தம்பி. பைபாஸ் வரைக்கும் போய்ட்டு வாங்க. அப்பத்தான் அதோட அருமை தெரியும்."

வண்டி கிளம்பியது. சத்தம் தேய்ந்து மறையும்வரை வாசலிலேயே நின்றார். "கிளட்ச்சை இன்னும் மெதுவா விடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெரியவருக்கு டீ வந்தது. "டீக்கடைக்குப் போனாக்கூட எனக்கு ஒரு பன் வாங்காம வரமாட்டான்" என்று மகனைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். ஸ்பேனரின் மனைவிக்கு அவரைப் பிடித்துப்போய், இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

வெயில் இறங்கியது. வண்டி வரவில்லை. அவனுக்குப் போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது.

"எங்கயாவது விழுந்து கிழுந்து வச்சிட்டானோ?" என்றாள் மனைவி.

"விழுந்தவன் போனை அணைச்சு வைப்பானா? அடிச்சிட்டுப் போய்ட்டான்டி!" ஸ்பேனர் வாசலுக்கு ஓடித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒவ்வொரு திருகாகத் தேடி வாங்கிப் பூட்டிய வண்டி. எவனோ ஒருத்தன் இந்நேரம் அதைப் பாகம் பாகமாகக் கழற்றிக்கொண்டிருப்பான்.

கோபம் நாற்காலிப் பக்கம் திரும்பியது. "யாருய்யா நீ? அவன் உன் புள்ளையே இல்லதானே? என்ன குடுத்துக் கூட்டிட்டு வந்தான்?"

"என் பையன்தாங்க. வந்துடுவான்" என்றார் பெரியவர்.

"ஏங்க, வயசானவர்கிட்ட என்ன பேச்சு இது" என்று மனைவி குறுக்கே வந்தாள். ஸ்பேனர் கேட்கிற நிலையில் இல்லை. பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார். சட்டைகள், துண்டு, பல்செட் டப்பா, மாத்திரை அட்டைகள் எல்லாம் விழுந்தன.

"ஊரை விட்டு ஓடுறதுக்கு மூட்டையே கட்டிட்டு வந்திருக்கீங்களா? கூட்டுக் களவாணிங்களா! போலீஸ்ல உன்னைக் குடுத்தா அவன் தானா வருவான்!"

பெரியவர் ஒன்றும் புரியாமல் குனிந்து, தம் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்க ஸ்பேனருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

அப்போது போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தால் அவன் குரல்.

"உன் புள்ள யோக்கியதையை நீயும் கேளு" என்று ஸ்பேனர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெரியவர் முன்னால் நீட்டினார்.

"அண்ணா, வண்டி ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டுல நிக்குது. சாவியை ஸ்டாண்டுக்காரர்கிட்ட குடுத்திருக்கேன். ஒரு கீறல்கூட இல்ல, பார்த்துக்குங்க."

போன உயிர் திரும்பி வந்தது ஸ்பேனருக்கு. கோபம் போன இடம் தெரியவில்லை. "ஏன் தம்பி, வண்டி புடிக்கலையா?"

"நல்ல வண்டிதாண்ணா. எனக்கு வேண்டாம்."

"அதை இங்க வந்து சொல்லிட்டு, அப்பாவைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே!"

போனில் ரயில் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"அவரும் வேண்டாம்ணா."