மஞ்சள் வேன் திரும்பும் நேரம்

கண்ணாடியில் அந்தப் பெண்ணைக் காணவில்லை.

சலவை வேன் டிரைவர் இன்னொரு முறை பார்த்தார். மதில் இருந்தது. வேன் கிளப்பிவிட்ட தண்ணீர் மதிலில் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. நீலக் குடை ஒன்று தலைகீழாக மிதந்து சுற்றிக்கொண்டிருந்தது. குடைக்காரியைத்தான் காணோம்.

சற்று முன்புதான் மதிலோரமாக நின்றிருந்தாள். வேனைப் பார்த்ததும் கையை நீட்டி, மெதுவாக, மெதுவாக என்று சைகை காட்டினாள்.

காட்டாதவர்கள் யார்? மழைக்காலம் முழுக்க அந்தச் சந்தில் கை நீட்டாத ஆள் கிடையாது. அதற்கெல்லாம் மனம் இளகினால் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறி வண்டி நடுவழியில் படுத்துவிடும். தண்ணீரில் இறங்கிவிட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது என்பது தொழில் பழகும்போது அவர் வாங்கிய முதல் பாடம். அவர்கள் துணி நனைந்தால் காய்ந்துவிடும், என் வண்டி நின்றால் யார் தள்ளுவது என்று வீட்டில்கூட வாய் கிழியப் பேசுவார்.

சந்தின் கோடியில் ஆஸ்பத்திரி. வெளுத்த விரிப்புகளை அங்கே இறக்கிவிட்டு, அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு உடனே இதே வழியில் திரும்ப வேண்டும். போகும்போது ஒரு அலை, வரும்போது ஒரு அலை.

இன்று அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிலை ஒட்டியே சாக்கடை ஓடுகிறது. மேலே போட்ட கற்பலகைகளில் பாதி உடைந்து கிடக்கின்றன. அவள் நின்றது அந்தப் பலகைகளின் மேல்தான்.

வளைவைத் தாண்டி, தண்ணீர் இல்லாத இடத்தில் தன் மஞ்சள் வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். முழங்கால் வரைக்கும் தண்ணீர். எது சாலை, எது சாக்கடை என்று தெரியவில்லை. ஒவ்வொரு அடியையும் தடவித் தடவி வைத்தார்.

முதலில் போலீஸ் ஞாபகம்தான் வந்தது. கம்பி எண்ண வேண்டியதுதான் என்று நினைத்தார். அதற்குப் பிறகுதான் அவளுக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள் என்று தோன்றியது. தோன்றிய வரிசையை நினைத்து அவருக்கே அசிங்கமாக இருந்தது.

பலகை இல்லாத இடம் ஒன்று காலுக்குத் தட்டுப்பட்டது. மண்டியிட்டுத் தோள்வரை கையை உள்ளே விட்டார். தண்ணீர் இழுத்தது.

விரல்களில் துணி சிக்கியது.

பல்லைக் கடித்துக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்தார்.

வந்தது ஒரு கிழிந்த சாக்கு.

அதைப் பார்த்துக்கொண்டே அவர் உட்கார்ந்திருந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை அவருடைய கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது.

"அண்ணே, உள்ள வாங்க! அந்த மஞ்ச வேன் திரும்பி வர்ற நேரம்!"

அவள்தான். கைகால் எல்லாம் நன்றாக இருந்தது. முந்தானை மட்டும் நனைந்திருந்தது.

மதிலில் ஒரு பழைய வாசல் இருந்தது. கதவை எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மதிலின் கனத்துக்கு ஆள் ஒண்டிக்கொள்ளும் அளவு இடம் மிச்சம். இத்தனை வருடம் இந்த வழியில் ஓட்டியும் அவர் அதைப் பார்த்ததில்லை. அதற்குள் வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ், ஒரு வாட்ச்மேன், பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சிறுமி. மூவரும் நெருக்கிக்கொண்டு அவருக்கு இடம் விட்டார்கள்.

உயிரோடு இருக்கிறாள். அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது அவருக்கு. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார்.

அவள் முந்திக்கொண்டாள். "போன மழைக்கு அது அடிச்ச தண்ணியில ஒரு பெரியவர் இந்தச் சாக்கடையில விழுந்து இடுப்பு ஒடிஞ்சு இன்னும் படுக்கையில கிடக்கிறாரு. நிறுத்திக்கூடப் பாக்கல, பாவி. அது திரும்பிப் போனப்புறம்தான் நாங்க யாரும் தண்ணியில இறங்குவோம். நீங்களும் நில்லுங்க."

போன மழையில் எந்த நாள், எந்தப் பெரியவர் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு அவர் கண்ணாடியைப் பார்த்திருக்கவில்லை.

எல்லோரும் சாலைப் பக்கம் காது கொடுத்து நின்றார்கள். நர்ஸ் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தச் சிறுமி இப்போதே கண்களை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். அவள் உடம்பின் நடுக்கம் அவர் காலில் தெரிந்தது.

வேன் வந்து போகாமல் இவர்கள் நகர மாட்டார்கள். அவர் நகராமல் வேன் வராது.

சாவியை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே ஓர் அடி வைத்தார்.

அந்தப் பெண் பதறிப்போய் அவர் சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.