தளபதியின் நாடி

போருக்குப் புறப்படும் தளபதிக்கு அரண்மனை வைத்தியர் நாடி பார்ப்பது வியன்னாவில் வழக்கம். அமைச்சரும் தளபதியுமான கோமகன் சோல்தானின் பணியாள் மார்தொன் அவசரமாக அறைக் கதவைத் தாழிட்டான்.

"கண்டுபிடிச்சா நெஞ்சுல ஆப்பு அடிச்சுடுவாங்க பிரபு! காய்ச்சல்னு சொல்லி வைத்தியரை அனுப்பிடறேன்."

"முந்நூறு வருஷமா ரத்தம் குடிச்சு வாழறவனுக்குக் காய்ச்சலா? வரச் சொல்லுடா."

வைத்தியர் லீப்ஹார்ட் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. செத்தவனுக்கு ஏது துடிப்பு? கோமகனின் மறுகை மெல்ல வாளைத் தேடியது.

"திடமா இருக்கீங்க, கிளம்பலாம்" என்று வைத்தியர் கையெழுத்துப் போட்டார்.

"நாடி கிடைச்சுதா?" மார்தொன் உளறிவிட்டான்.

"இல்லையே. அதனாலென்ன? முப்பது வருஷமா பார்க்கறேன், நம்ம பேரரசருக்கே கிடையாது!"