ஹெர்குலிசுக்குப் பன்னிரண்டாவது வேலை

சிங்கத்தை வெறுங்கையால் அடித்தவன், வானத்தையே தோளில் தாங்கியவன். ஆனால் திருவொற்றியூரில் ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறான். யார் அவன், சொல்லுங்கள் பார்க்கலாம்?

ஹெர்குலிஸ்தான். வார நாட்களில் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டும் மனோகரன், ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்பு அங்கியும் அட்டைக் கவசமும் மாட்டிக்கொண்டு பிறந்தநாள் விழாக்களில் ஹெர்குலிஸ் ஆகிவிடுவான்.

ஒரு விழாவில் கவசம் கழன்று விழுந்தது. விருந்துக்கு வந்திருந்த மீன்காரி கன்னியம்மா தன் சேலை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். காதல் அங்கே ஆரம்பம்.

"எனக்கும் இஷ்டந்தான்," என்றாள் அவள். "ஆனா என் பொண்ணு அம்மு அப்பா இல்லாத புள்ள. அவ சரின்னாதான் கல்யாணம்."

அம்மு பள்ளி நூலகத்தில் கிரேக்கக் கதை படித்தவள்.

"நெஜ ஹெர்குலிசுக்கு ராஜா பன்னெண்டு வேல குட்த்தாரு. உனுக்கும் பன்னெண்டு," என்று நோட்டைத் திறந்தாள்.

மனோகரன் லாரித் தண்ணீரை மூன்று மாடி ஏற்றினான். நாறிப்போன ஐஸ் பெட்டியைத் தேய்த்துக் கழுவினான். டியூஷன் போகிற வழியில் உறுமும் கறுப்பு நாயோடு தோஸ்து ஆனான். நோட்டில் பதினொரு டிக் விழுந்தது.

"ஏற்கெனவே அவ அம்மாவ கட்டிக்க வந்த ரெண்டு பேர தொரத்திட்டா," என்றாள் எதிர்வீட்டு செங்கொடி. "ஆத்தா வாழுறதே புடிக்கல இதுக்கு."

"ராஜா சொன்னா செய்யணும்க்கா," என்று மனோகரன் சிரித்தான்.

பன்னிரண்டாவதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"கரையில எங்கப்பாவோட மீன்புடி போட்டு கீதுல்ல? அதுல வல்லரசுன்னு அவரு பேரு கீது. அத்த அழிச்சிட்டு உன் பேர எழுது."

"அடியேய்! செத்தவன் பேரக்கூட வுட மாட்டியா?" செங்கொடி வாயில் கை வைத்தாள்.

இது ஒன்று முடிந்தால் கல்யாணம்.

எர்ணாவூரில் ஒரு பிறந்தநாளை முடித்துவிட்டு, அங்கியைக்கூடக் கழற்றாமல், பெயின்ட் டப்பாவோடு மனோகரன் கரைக்குப் போனான்.

ஒரு மணி நேரம் கழித்து அம்மு பார்க்க வந்தாள். அங்கியெல்லாம் நீலப் பெயின்ட். படகில் 'வல்லரசு' பளபளத்தது.

"என் வேல இன்னாச்சு?"

"முடியல பாப்பா. பாதி எழுத்து வெளுத்துக் கெடந்துச்சு. அது மேலயே ஏத்தி எழுதிட்டேன். தோத்துட்டேன்னு நோட்டுல போட்டுக்கோ."

"கோணலா கீதே. நேரா எழுதத் தெரியாதா உனுக்கு?"

"முன்ன எழுதுனவங்க கை அப்படி. அத்த ஏன் நான் மாத்தணும்?"

அம்மு எழுத்தை விரலால் தொட்டாள். விரலில் நீலம் ஒட்டியது.

"நான்தான் எழுதுனேன். ரெண்டு தபா," என்றாள். "மின்ன வந்த ரெண்டு பேரும் இத்த அழிச்சிட்டு அவங்க பேர எழுதுனாங்க. பன்னெண்டுக்குப் பன்னெண்டு அவங்க."

பிறகு வீட்டுக்குப் போய், நோட்டில் பன்னிரண்டுக்கு நேராகத் தப்பு போட்டாள். கீழே 'சரி' என்று எழுதி அம்மாவிடம் கொடுத்தாள்.