ஐம்பத்திரண்டு கிலோ

"அந்தச் சாக்கத் தொடாத!"

டிக்கிக்குள் நீண்ட வேல்விழியின் கை அப்படியே நின்றது. காரின் உயரத்தை அளக்கும் முன் டிக்கியைக் காலி செய்வது அவள் வழக்கம். மூலையில் வாய் கட்டிய ஒரு சாக்கு கிடந்தது. உள்ளே தட்டையாக, விறைப்பாக ஏதோ. அவர்கள் வீட்டில் அரிவாளைச் சாக்கில் சுற்றித்தான் வண்டியில் போடுவார்கள்.

"அது கெடக்கட்டும் ஆத்தா. நீ வேலயப் பாரு" என்றார் ஒச்சாண்டி. அவளுடைய பெரியப்பா.

தேனியில் அந்தக் கடையில் கார்களுக்கு ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் தேர்ந்து பொருத்துவது வேல்விழியின் வேலை. குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள், அதுவும் மெக்கானிக்கல். "பொட்டப்பிள்ள கிரீஸ் அள்ளப் போகுது" என்று சொல்லிவிட்டு இதுவரை கடைப்பக்கம் தலைகாட்டாத பெரியப்பா, இன்றைக்கு மகன் ஈஸ்வரபாண்டியின் சிவப்பு டர்போ காரோடு வந்து நிற்கிறார்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். அன்றைக்குக் கம்பம்மெட்டு மலையேறிக் கேரளத்துக் கட்டப்பனைக்குப் போய், கிறிஸ்டோபரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறாள். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

"நேர் ரோட்டுல பறக்குது. வளவுல படகு மாதிரி ஆடுது. கம்பம்மெட்டு வளவுல வேற எந்த வண்டியும் இத ஜெயிக்கக் கூடாது. அப்படி ஒரு செட்டு பாத்துப் போடு."

"கம்பம்மெட்டுக்கா பெரியப்பா?"

"பின்ன, குச்சனூர் கோயிலுக்குப் போறதுக்கா ஸ்பிரிங் மாத்துவாக?"

"ஓட்டுறவுக எடை தெரியணும். எத்தன பேரு போறாகன்னு சொல்லணும். அத வச்சுத்தான் ஸ்பிரிங் பாக்க முடியும்."

அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரே ஆளுதான். அம்பத்திரண்டு கிலோன்னு வச்சுக்க."

பெரியப்பா தொண்ணூறுக்குக் குறையமாட்டார். ஈஸ்வரபாண்டியும் அப்படித்தான். வீட்டு ஆம்பளைகளில் ஒல்லி என்றால் அவளுடைய அண்ணன் கர்ணன் ஒருவன்தான். அப்போ துரத்தப் போவது கர்ணன்.

இரண்டு வருடத்துக்கு முன் பெரியப்பாவின் சொந்த மகள் பவானி இதே மலையேறி ஓடினாள். பாதி மலையில் மறித்துத் திருப்பிக் கூட்டி வந்தவர் இவர்தான். மூன்றாம் நாள் பவானி பிணமாகக் கிடந்தாள். வயிற்றுவலி என்றார்கள். ஓடிப்போன பெண்களுக்கு மட்டும் வருகிற வயிற்றுவலி. ஊர் வாயை மூடிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்து காபி குடித்தது.

பெரியப்பாவின் போன் அடித்தது.

"ஏலே கர்ணா, எவனும் இங்கன வரவேணாம். நான் வந்து சொல்ற வரைக்கும் அங்கனயே இருங்க. பிள்ளய நான் பாத்துக்கிறேன்."

தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வேல்விழி காரை லிப்டில் ஏற்றினாள். நான்கு ஷாக்கையும் மாற்றினாள். முன்பக்கத்துக்குச் சரியான ஸ்பிரிங்கைப் போட்டாள். பின்பக்கத்து ஜோடியை எடுக்கப் போன கை, அலமாரி முன்னால் தயங்கியது.

ஸ்பிரிங் வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். ஷாக் அதன் துள்ளலை அடக்கும். இரண்டுக்கும் பொருத்தம் இருந்தால்தான் சக்கரம் ரோட்டை விடாது. கீழ்த்தட்டில் பந்தயக் கார்களுக்கான முரட்டு ஸ்பிரிங் இருந்தது. இந்த ஷாக்கால் அதை அடக்கவே முடியாது. வளைவில் வேகம் எடுத்தால் பின்பக்கம் துள்ளிக்கொண்டு விலகும். ஓட்டுபவன் மிரண்டுபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பான். எடுக்காவிட்டால் அது அவன் தலையெழுத்து.

இரண்டு ஜோடிக்கும் ஒரே சிவப்பு வர்ணம்தான். கம்பியின் தடிமனைப் பார்க்கத் தெரிந்தவள் அந்தக் கடையில் அவள் ஒருத்திதான்.

"பொருத்தம் பாத்துப் போட்டியா ஆத்தா?" முதுகுக்குப் பின்னால் பெரியப்பாவின் குரல்.

"பாத்துட்டேன்" என்றாள், முரட்டு ஸ்பிரிங்கை உள்ளே தள்ளியபடி.

கார் தரையில் இறங்கியது. பெரியப்பா சாவியை உருவிக்கொண்டு வாசலுக்குப் போய் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். திரும்பி வந்து டிக்கியைத் திறந்து சாக்கை எடுத்தார். வேல்விழி பின்வாங்கினாள். முதுகு அலமாரியில் இடித்தது. இனிப் போக இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளங்கையில் சில்லென்று ஏதோ பட்டது. கார் சாவி.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காத. கர்ணனுக்கு நேத்தே தெரிஞ்சுபோச்சு. நம்ம வீடுகள்லயே வேகமான வண்டி இதுதான். அதான் அவனுக கையில சிக்காம நான் தூக்கியாந்துட்டேன்."

சாக்கின் வாயை அவிழ்த்தார். அவளுடைய பட்டம், மார்க் ஷீட்டுகள், எல்லாம் அட்டை பைலோடு இருந்தன.

"உன் பீரோவுல இருந்து எடுத்தேன். படிச்சது வீணாப் போகக் கூடாதுல்ல." அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். "பவானியத் திருப்பிக் கூட்டியாந்தது இந்தக் கைதான் ஆத்தா. ஏறு, கெளம்பு. ஒரு மணி நேரத்துக்கு அவனுக அசையமாட்டானுக."

ஐம்பத்திரண்டு கிலோ யாருடைய எடை என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் காரில் ஏறவில்லை. பின்சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னாத்தா, இன்னும் எம்மேல நம்பிக்கையில்லையா?"

"அரை மணி நேரம் குடுங்க பெரியப்பா. பின்னால ஸ்பிரிங்க மாத்திக்கிறேன்."