படியேறி வந்த டிக் டிக்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் எழுதிய கை விளங்காமல் போகட்டும்.

பஸ் டிரைவரின் இதயத்தில் உலோக வால்வு வைத்த நாளிலிருந்து, அதன் டிக் டிக் கேட்டால்தான் அவர் மனைவிக்குத் தூக்கம் வரும். ஒருநாள் காலை சத்தமே இல்லை. சட்டை மாட்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"வால்வுல ரத்தம் உறைஞ்சு ஒட்டியிருக்கு," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "மறுபடி நெஞ்சைத் திறந்தா தாங்கமாட்டார். கரைக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டா ஏத்துவோம். சாயங்காலத்துக்குள்ள அசையலைன்னா வேற வழியில்ல, திறந்துதான் ஆகணும்."

நர்ஸ் பாட்டிலை மாட்டினாள். மனைவி அவர் மார்பில் காதை வைத்தாள்.

"என்னடி, அடுத்த வீட்டுக் கதவுல ஒட்டுக்கேக்கிற மாதிரி?"

"நீங்க வாயை மூடினாத்தான் நெஞ்சு பேசுறது கேக்கும்."

பொழுது சாய்ந்தது. ஆபரேஷனுக்குத் தயார் செய்யச் சொல்லிவிட்டு டாக்டர் போனார். அப்போதுதான் கேட்டது, டிக் டிக். மார்பிலிருந்து அல்ல, மாடிப்படியிலிருந்து. படிப்படியாக ஏறி, நடைபாதையில் வந்து, அறை வாசலில் சற்று நின்றது. நர்ஸ் தன்னையறியாமல் விலகி வழிவிட்டாள். அடுத்த டிக் மனைவியின் காதுக்கு அடியில், மார்புக்குள் கேட்டது.

"தண்ணி குடு," என்றார் டிரைவர் மூச்சிரைக்க. "இத்தனை படியா கட்டி வைப்பாங்க?"

"கட்டிலை விட்டு எங்கங்க எழுந்தீங்க?"

டாக்டர் ஓடிவந்து ஸ்கேன் எடுத்தார். வால்வு ஜோராகத் திறந்து மூடியது. "மருந்துன்னா இதுதாம்மா மருந்து!"

அன்று முழுக்க எல்லோரும் மார்பையே பார்த்திருந்தார்கள். பாட்டிலைக் கழற்றும்போதுதான் நர்ஸ் கவனித்தாள்: குழாயின் அடைப்பானை யாரும் திறக்கவே இல்லை. பாட்டில் நிறைந்தபடியே இருந்தது.