குடும்பப் பதிவேட்டில் ஒரு பக்கம்

பர்மாவின் லான்மடாவில் ஒரு மாதா கோயிலின் அலுவலக அறை. ஜன்னல் சட்டங்களின் வழியே காலை வெயில் மேசைமேல் வரிவரியாக விழுகிறது. மகளின் அடையாள அட்டைக்குத் தன் பதிவின் நகல் கேட்டு வந்த இருதயம்மாள் உட்காராமல் நிற்கிறாள். கிளார்க் சவரிமுத்து பழைய குடும்பப் பதிவேட்டை மெல்லப் புரட்டுகிறார். வீட்டுக்கு ஒரு பக்கம். அறுபத்துநாலில், கடைகளை அரசு எடுத்துக்கொண்டபின், கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர்களின் பெயர்களில் எல்லாம் சிவப்பு மைக் கோடு. கோடு போட்டவர் அன்றைக்கு இங்கே உபதேசியாராக இருந்த அவளுடைய அப்பா. “பர்மாக்காரனைக் கட்டினா உன் பேரையும் அடிச்சிடுவேன்” என்றவர். அவள் கட்டிக்கொண்டாள். அவர் கப்பலேறிவிட்டார், பிறகு கடிதமே இல்லை, சாவுச் செய்தி மட்டும் வந்தது. இருபத்தாறு வருடமாக இந்த அறைப் பக்கமே வராதவள், இப்போது கைலியின் ஓரத்தைக் கசக்கியபடி, கூட வந்த மகள் பர்மியத்தில் ஏதோ கேட்க, பதிவேட்டின் பக்கம் குனிகிறாள். “இதாம்மா உங்க வீட்டுப் பக்கம்.” மேலே அப்பா, அம்மா; கீழே மூன்று தம்பிகள். ஐந்து பெயரிலும், தன் பெயர் உட்பட, அப்பாவே ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. நடுவில் அவள் பெயர் மட்டும் கோடில்லாமல் இருக்கிறது. பக்கத்தில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தைச் சவரிமுத்து வாய்விட்டு வாசிக்கிறார்: “மூத்த மகள் இங்கேதான் இருக்கிறாள். யாரும் அடிக்க வேண்டாம்.” இருதயம்மாள் தன் பெயரைப் பார்க்கவில்லை. அவள் விரல் அப்பாவின் பெயர்மேல் ஓடும் சிவப்புக் கோட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. “தேய்க்காதீங்கம்மா,” என்கிறார் சவரிமுத்து, “தாள் கிழிஞ்சிரும்.”