கருவாட்டுக் கப்பித்தானின் கையெழுத்து

"கண்ணால பார்க்க வேணாம் ஐயா, வெரலால பார்த்தே சொல்லு. இது அந்தப் பாவி போட்ட கையெழுத்துதானா?"

சம்பந்தம் காகிதத்தின் அடிப்பக்கத்தை ஆள்காட்டி விரலால் தடவினார். அவர் கண்ணில் பூ விழுந்து ஆறு வருஷமாயிற்று. எதிரே உட்கார்ந்திருந்தவள் அவருக்கு ஒரு குரலும் கிராம்பு வாசனையும்தான். கஸ்தூரியம்மாள் என்று பேர் சொன்னாள். கடல் கடந்த பத்தாவியாவிலிருந்து வருகிறாளாம். அங்கே ஒரு ஒல்லாந்துப் பிரபு, உலகத்துக் கொடியவர்களின் கையெழுத்துகளையெல்லாம் தேடித் தேடி வாங்குகிறாராம். கடற்கொள்ளைக்காரன், ஊரைக் கொளுத்தினவன், சொந்தத் தம்பியைக் கொன்றவன் எல்லாரும் அவர் பெட்டிக்குள் வந்துவிட்டார்களாம். பழவேற்காட்டுக் கப்பல் தலைவன் கருவாட்டுக் கப்பித்தான் மட்டும்தான் பாக்கி. மனுஷனுக்குத்தான் எத்தனை விதமான பைத்தியம்!

"இது பொய்ம்மா" என்று காகிதத்தைத் தள்ளினார். "எவனோ நோகாம எழுதியிருக்கான். கப்பித்தான் பேனாவ ஊன்றித்தான் எழுதுவான். கடைசிச் சுழியில காகிதமே கிழிஞ்சு பூடும்."

அவள் அடுத்ததை நீட்டினாள். தொட்டதுமே விரல் தானாகப் பின்வாங்கியது.

"இது அவனேதான்" என்றார்.

கப்பித்தான் செத்துப் பதினைந்து வருஷம். பஞ்ச காலத்தில் ஏரிக்கரைக் கிராமங்களில் ஆட்களைப் பிடித்து, கருவாடு அடுக்குகிற மாதிரி கப்பலின் அடித்தட்டில் அடுக்கிக் கொண்டுபோய் அடிமைகளாக விற்றவன். பேர் அப்படித்தான் வந்தது. கோட்டையில் அவனுக்கு எழுத்து வேலை பார்த்தவர் சம்பந்தம். அந்தக் கையெழுத்துக்கு அடையாளம் சொல்ல உயிரோடு மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான்.

ஊரும் அதை மறக்கவில்லை. ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள், அவரைக் கரையில் கண்டால் சேற்றை அள்ளி எறிவார்கள். அதனால்தான் கஸ்தூரியம்மாள் அவரைப் படகிலேயே ஏற்றி உட்கார வைத்திருந்தாள்.

"நீ சொன்ன சொல் மாறாதில்ல?" என்று கேட்டார். "எனக்குப் பொன்னும் வேணாம், பொருளும் வேணாம். என்னை யாருக்கும் தெரியாத ஒரு ஊர்ல எறக்கி வுட்டுடணும். நிம்மதியா சாவணும்."

"அங்க உன்ன ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்கு நான் ஆச்சு."

நாகப்பட்டினமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மனசு லேசானது. துடுப்புக்காரர்கள் நாலு பேர் பின்னால் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். இருமல் இல்லை, பேச்சில்லை, மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. நட்ட நடுப்பகலில் அவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இந்தக் கடைசிக் காகிதம் வேற மாதிரி கீது ஐயா. அடிமைச் சீட்டுதான். கீழ கையெழுத்து இருக்குது. ஆளு பேரு எழுதற எடம் மட்டும் காலியா இருக்குதே, இன்னா இது?"

சம்பந்தம் தடவிப் பார்த்தார். "அசல்தான். அவன் வழக்கமே அதான். கப்பல்ல குந்திக்கினு கட்டுக் கட்டா கையெழுத்துப் போட்டு வெச்சுடுவான். மொதல்ல கையெழுத்து, அப்புறம்தான் ஆளு."

"அப்போ ஆளுங்க எப்படிச் சம்மதிச்சாங்க?"

அவர் காகிதத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தார். தண்ணீர் படகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"கேக்கறேன் இல்ல?"

"கஞ்சி ஊத்தறதுக்குப் பேர் பதியறோம்னு சொல்லுவேன்" என்றார் மெல்ல. "கையப் புடிச்சு ஒரு கீறல் போட வெச்சுடுவேன். பசியில யாரும் இன்னா ஏதுன்னு கேக்கல."

"பத்து வயசுப் பொண்ணுங்களுக்கும் அப்படித்தானா?"

"அதுங்களுக்கும்தான்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் இதை ஒருவரிடமும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பிறகு காகிதம் சலசலத்தது.

"சரி ஐயா. இதெல்லாம் அசல்னு நீ சாட்சி சொன்னாத்தான் தொரை நம்புவாரு. வாசகம் முன்னமே எழுதி வெச்சிருக்குது. உன் பேரு மட்டும் போட்டா போதும். கையக் குடு, எடம் காட்டறேன்."

அவள் அவர் கையைப் பிடித்துப் பேனாவைத் திணித்தாள். காய்ப்புக் காய்த்துப்போன கை அவளுடையது. விரல் வழுக்கி அவள் மணிக்கட்டில் பட்டது. அங்கே வளையல் இல்லை. மணிக்கட்டைச் சுற்றிக் காப்புப் போல் தடித்த தழும்பு இருந்தது. சமையல் வேலையில் சுட்டுக்கொண்டிருப்பாள் போலும்.

அவள் கை காட்டிய இடத்தில், எழுத்துத் தடுமாறாமல், சம்பந்தம் என்று எழுதினார்.

"எங்க நைனாவும் இப்படித்தான் நீ காட்டின எடத்துல போட்டாரு" என்றாள் கஸ்தூரியம்மாள். "ஆச்சு. குந்து ஐயா, கஞ்சி ஊத்தச் சொல்றேன்."

நாலு துடுப்புகளும் ஒரே சமயத்தில் தண்ணீரில் விழுந்தன. படகு நகர்ந்தது.

மை காய மணல் தூவித் தட்டிவிடும் பழைய பழக்கத்தில் சம்பந்தத்தின் கை தானாகக் காகிதத்தின் மேல் போனது. அவர் பேருக்குக் கீழே காகிதம் ஆழமாகக் குழிந்து, கடைசிச் சுழியில் கிழிந்திருந்தது.